இருபது வருஷம் தேடிய புத்தகம்

அணைக்கட்டிலிருந்து பள்ளிகொண்டா சென்று, அங்கே பெருஞ்சாலையில் ஆம்பூர் பஸ்ஸைப் பிடிக்கிற எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தோல் என்பது புதிய வஸ்து அல்ல. உப்பிட்ட ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் வண்டி வண்டியாக வந்து இறங்குவதையும், சுண்ணாம்புக் குழியில் ஊறி மயிர் கழன்று வெளுப்பதையும், சதைப்புறம் சுரண்டப்பட்ட பின் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் பிற்காலத்தில் குரோமிய உப்பிலுமாகக் கிடந்து பதமாவதையும் சிறு பிராயம் முதற்கொண்டே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த அதே தோலைப் பட்டைச் சாற்றில் போடாமல், ஒரு மரச் சட்டத்தில் நாற்புறமும் கயிறு கட்டி இழுத்து, பிறை வடிவமான கத்தியால் இரு பக்கமும் சீவிச் சீவி, இழுத்த இழுப்பிலேயே காயவிட்டால், அது செருப்புக்கும் பைக்கும் உதவாத வேறொரு பொருளாக, இறகுப் பேனாவின் மையை ஏந்திக்கொள்ளும் வெண்மையான ஏடாக மாறிவிடுகிறது என்பதும், ஐரோப்பா ஏறக்குறைய ஆயிரம் வருஷ காலம் தன் வேதத்தையும் காவியத்தையும் சட்டத்தையும் கணக்கையும் அத்தகைய தோலேடுகளிலேயே எழுதி வைத்திருந்தது என்பதும், தோலோடு வாழ்கிற நம்மவர்களில் பெரும்பாலோர் கேள்விப்படாத விஷயங்கள்.

நாம் பனையோலையில் எழுதினோம். அவர்கள் ஆட்டுத் தோலில் எழுதினார்கள். ஓலையைச் செல் அரித்தது. தோலை ஈரமும் எலியும் கெடுத்தன. நம் ஊர்களில் பழஞ்சுவடிகளை ஆற்றில் விட்டவர்களும் அடுப்பில் இட்டவர்களும் இருந்ததைப் போலவே, அங்கேயும் பழைய ஏட்டின் எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன் மேல் வேறு எழுதிக்கொண்டவர்களும், பயனற்றவை என்று எண்ணிய கவிதை ஏடுகளைத் துண்டு துண்டாக வெட்டிப் புதிய புத்தகங்களின் அட்டைக்குள் வைத்துப் பலப்படுத்திய, புத்தகம் கட்டுகிறவர்களும் இருந்தார்கள். இத்தனை அழிவுக்கும் தப்பிய ஏடுகளைத் தேடிப் படித்து, ஒப்புநோக்கி, அச்சேற்றுவதற்கென்றே ஆயுளைச் செலவிட்ட பண்டிதர்களில் ஒருவரைப் பற்றியது இந்தக் கட்டுரை. அவர் பெயர் போல் மேயர். 1840-ஆம் வருஷம் ஜனவரியில் பாரிஸ் நகரத்தில் பிறந்து 1917-இல் காலமானவர். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையருக்குப் பதினைந்து வயது மூத்தவர். ஐயரவர்களின் சுயசரிதத்தைப் படித்தபோது, ஏடு தேடி அலைகிற அந்தத் தவிப்பு தமிழ் நாட்டுக்கே உரிய அநுபவம் என்று நான் எண்ணியிருந்தேன். மேயரின் சரித்திரத்தை அறிந்த பிறகு அந்த எண்ணம் மாறியது.

மேயர் எந்த பாஷைகளுக்காக உழைத்தார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ரோமாபுரிச் சாம்ராஜ்யம் சிதைந்த பின், அதன் பாஷையாகிய லத்தீன் ஜனங்களின் வாயில் தேய்ந்தும் திரிந்தும் இடத்துக்கு ஒரு பாஷையாகப் பிரிந்தது. இன்று நாம் பிரான்ஸ் என்று சொல்லுகிற தேசத்தின் வட பாதியில் ஒன்றும், தென் பாதியில் மற்றொன்றுமாக இரண்டு பெரும் பாஷைகள் தோன்றின. ‘ஆம்’ என்பதற்கு வடக்கே ‘ஒயில்’ என்றும் தெற்கே ‘ஒக்’ என்றும் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லே அடையாளமாகி, தெற்கத்தியப் பாஷைக்கு ‘ஒக்ஸிதான்’ என்ற பெயரும் வந்தது. வடக்கத்தியப் பாஷையே பிற்காலத்தில் பிரெஞ்சு ஆயிற்று. 842-ஆம் வருஷத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இரண்டு அரச சகோதரர்கள் செய்துகொண்ட சபத வாசகத்தில் அதன் மிகப் பழைய உருவம் கிடைக்கிறது. 1100-ஐ ஒட்டி எழுந்த ரோலான் காவியம் முதலாக அதில் வீர காவியங்கள் பெருகின.

தெற்கே நடந்தது வேறு. அங்கே காவியத்தைக் காட்டிலும் இசைப்பாட்டு ஓங்கியது. ‘த்ரூபதூர்’ என்று அழைக்கப்பட்ட பாவலர்கள் தாமே பாட்டியற்றித் தாமே மெட்டமைத்தார்கள். நமக்குப் பெயர் தெரிந்த முதல் த்ரூபதூர், 1071 முதல் 1126 வரை வாழ்ந்த அக்கித்தேன் தேசத்துப் பிரபு கியெம் என்பவர்; அவர் ஆண்ட நிலம் பிரெஞ்சு அரசருடைய சொந்த நிலத்தைக் காட்டிலும் பரந்தது. அவருக்குப் பின் வந்தவர்களோ எல்லா ஜாதியிலும் எல்லாத் தொழிலிலும் பிறந்தவர்கள். பெர்னார் என்ற பெருங்கவி கோட்டையில் ரொட்டி சுட அடுப்பு மூட்டிய ஓர் ஏவலாளின் மகன் என்று பழைய குறிப்பு ஒன்று சொல்லுகிறது. பேயர் விதால் என்பவர் துலூஸ் நகரத்தில் தோலாடை வியாபாரம் செய்த ஒருவருடைய மகனாம். எங்கள் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வாசிகள் அந்தப் பெயரையாவது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தோல் வியாபாரியின் வீட்டிலிருந்து புறப்பட்ட அந்தப் பிள்ளை பல தேசத்து அரச சபைகளிலே பாடி, எண்ணூறு வருஷங்களுக்குப் பிறகும் படிக்கப்படுகிறான்.

த்ரூபதூர்களின் பாடல்களாக இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 2,500. பாடியவர்களில் பெயர் தெரிந்தவர்கள் நானூற்றைம்பதுக்குச் சற்று மேல். நம் சங்க நூல்களில் எஞ்சிய பாடல்கள் 2,381 என்றும், பெயர் தெரிந்த புலவர்கள் 473 பேர் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு கணக்கும் இவ்வளவு அருகருகே வந்து நிற்பது தற்செயல்தான். அதை வைத்து ஒரு சித்தாந்தமும் கட்டக்கூடாது. ஆனாலும் இரண்டு இலக்கியங்களையும் சேர்த்துப் பார்க்கிறவர் மனத்தில் ஒரு நெகிழ்ச்சி உண்டாகாமல் போகாது. அகப்பாட்டில் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியர் விதித்தார். த்ரூபதூரும் தன் காதலியின் உண்மைப் பெயரைச் சொல்லமாட்டான், தான் வைத்த மறைபெயர் ஒன்றால்தான் அழைப்பான். நம் பாடல்களின் அடியில் பாடியவர் பெயரும் திணையும் துறையும் சந்தர்ப்பமும் கூறும் கொளுக்கள் இருப்பதைப் போலவே, அங்கேயும் பாட்டின் முன்னே பாடியவரின் சிறு சரித்திரத்தையும் பாட்டுப் பிறந்த சமயத்தையும் கூறும் வசனக் குறிப்புகளை ஏடெழுதினவர்கள் சேர்த்து வைத்தார்கள். பெண்பாற் புலவர்களும் அங்கே உண்டு; சுமார் இருபது பேரின் பெயர்கள் வந்திருக்கின்றன, அவர்களில் தியா என்ற ஊர்க் கோமாட்டியும் கஸ்தெலோஸாவும் முக்கியமானவர்கள்.

ஜௌஃப்ரே ருதெல் என்ற பிரபுவின் கதையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கீழ்க்கடற்கரையிலுள்ள திரிப்போலி என்ற நாட்டின் கோமாட்டியை, அங்கே யாத்திரை சென்று திரும்பியவர்கள் சொல்லக் கேட்ட அளவிலேயே, கண்ணால் காணாமலே காதலித்து, தூரத்துக் காதலைப் பற்றியே பல பாட்டுப் பாடி, கடைசியில் கப்பலேறிச் சென்று, வழியில் நோயுற்று, அவள் கரத்தில் உயிர் நீத்தான் என்பது அவனைப் பற்றிய பழங்குறிப்பு. பிற்கால ஆராய்ச்சியாளர் இதைக் கட்டுக்கதை என்பார்கள். பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் அறிந்த தமிழர்களுக்கோ, காணாத அன்பு என்பது கட்டுக்கதையாகத் தோன்றுவதில்லை. வேற்றுமைகளும் பெரியவை. த்ரூபதூர் பாடும் தலைவி பெரும்பாலும் பிறன் மனைவி. அவனோ அவளுக்கு அடிமை பூண்ட சேவகன். நம் அகத்திணைக்கு இந்த நிலை அந்நியமானது. ஒற்றுமையைக் கண்டு மகிழ்வதற்காக இந்த வேற்றுமையை மறைத்துவிடுகிறவர் இரண்டு இலக்கியத்துக்கும் தீங்கு செய்கிறவர்.

இந்தப் பாஷைக்குத் துர்த்தசை விரைவிலேயே வந்தது. தெற்கே பரவியிருந்த கத்தார் என்னும் மதப் பிரிவை அழிப்பதற்காகப் போப்பாண்டவரின் அழைப்பின் பேரில் 1209-இல் தொடங்கிய யுத்தம் 1229 வரை நீண்டு, த்ரூபதூர்களை ஆதரித்த அரண்மனைகளைச் சிதைத்து, அந்த நாட்டைப் பிரெஞ்சு அரசரின் பிடிக்குக் கொண்டு வந்தது. பாடகர்கள் பலர் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் சென்றார்கள். அவர்கள் பாடல்களைத் தொகுத்த பெரிய தோலேடுகளில் பல இத்தாலியிலேயே எழுதப்பட்டவை. 1539-இல் அரசர் பிறப்பித்த ஒரு சட்டம் கோர்ட்டு நடவடிக்கைகள் யாவும் பிரெஞ்சிலேயே நடக்க வேண்டும் என்றது. அதன் பின் ஒக்ஸிதான் சபையேறும் தகுதியை இழந்து, வயலிலும் அடுக்களையிலும் வழங்கும் நாட்டுப்புறப் பேச்சு என்று இகழப்பட்டது.

அதை மறுபடியும் ஆராய்ச்சிக்கு உரியதாக ஆக்கியவர் ரேனுவார் என்ற தெற்கத்தியர். 1816 முதல் அவர் த்ரூபதூர் பாடல்களை வெளியிட்டார். தம் பாஷையின் மேலுள்ள பிரேமையால், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் முதலிய யாவும் ஒக்ஸிதானிலிருந்தே பிறந்தவை என்று அவர் சாதித்தார். ஜெர்மன் வித்துவான் ஃப்ரீட்ரிக் தீட்ஸ் 1836 முதல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், அவை யாவும் லத்தீனின் மக்கள், ஒன்றுக்கொன்று சகோதரிகள் என்று நிரூபித்தார். அதற்கு இருபது வருஷம் கழித்து, 1856-இல், கால்டுவெல் நம் திராவிட பாஷைகளுக்குச் செய்தது இதே விதமான காரியம். மேயர் வளர்ந்த காலம் அது.

பாரிஸில் 1821-இல் ஸ்தாபிக்கப்பட்ட ‘எக்கோல் தே ஷார்த்’ என்ற கலாசாலை, பழைய சாஸனங்களையும் ஏடுகளையும் படிப்பதற்கென்றே மாணவர்களைப் பயிற்றுகிற இடம். மேயர் அங்கே பயின்றார். பயிற்சி எத்தகையது என்பதை நம் நாட்டு ஏட்டை வைத்தே விளக்கலாம். ஓலைச் சுவடியில் புள்ளி இராது. எகர ஏகார பேதமும் ஒகர ஓகார பேதமும் தெரியா. காலையும் ரகரத்தையும் ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள். படிக்கிறவர் பாஷையறிவையும் யாப்பறிவையும் துணைக்கொண்டு, இது காலா ரகரமா என்று நிச்சயிக்க வேண்டும். அந்தத் தோலேடுகளிலும் இதே சங்கடம் உண்டு. அவர்கள் எழுத்துக்களில் பல, நெட்டுக்குத்தான சிறு கோடுகளாலேயே ஆனவை. மூன்று கோடு சேர்ந்து நின்றால் அது ஓர் எழுத்தா, இரண்டா, மூன்றா என்று ஏட்டைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. தோல் விலை உயர்ந்தது. ஓர் ஆட்டின் தோலை மடித்து வெட்டினால் சில ஏடுகளே தேறும். ஒரு பெரிய புத்தகத்துக்கு ஒரு மந்தையே வேண்டும். ஆகையால் இடத்தை மிச்சப்படுத்தச் சொற்களைச் சுருக்கி, மேலே ஒரு கீற்று இழுத்துவிட்டு மேலே போய்விடுவார்கள். எழுதினவர் ஒரு சீமைக்காரர், கவி வேறொரு சீமைக்காரர் என்றால், எழுதினவர் தம் ஊர் உச்சரிப்பையும் கவிதைக்குள் ஏற்றிவிடுவார். இவற்றையெல்லாம் விலக்கிக் கவியின் வாக்கை எட்டுவதற்கு, கிடைத்த பிரதிகளையெல்லாம் ஒப்பிட்டு, எந்தப் பிரதி எந்தப் பிரதியின் வழி வந்தது என்று வமிசாவளி போட்டு, பாடபேதங்களை அடியில் குறித்துப் பதிப்பிக்கும் முறையை ஜெர்மானியர் வகுத்தார்கள். பிரெஞ்சுக்காரர்களில் அதைத் திறம்படக் கையாண்டவர் மேயரின் ஆயுட்கால நண்பராகிய கஸ்தோன் பாரிஸ். 1872-இல் அவர் பதிப்பித்த அலெக்ஸிஸ் முனிவர் சரிதை அதற்கு உதாரணம்.

அந்த வருஷத்திலேயே நண்பர்கள் இருவரும் ‘ரொமானியா’ என்ற ஆராய்ச்சிப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். 1870–71 யுத்தத்தில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்று அவமானப்பட்டுக் கிடந்த சமயம் அது. பாரிஸ் நகரம் முற்றுகையிடப்பட்டிருந்த 1870 டிஸம்பரில் கூட, கஸ்தோன் பாரிஸ் ரோலான் காவியத்தைப் பற்றி உபந்நியாசம் செய்தார். தம் தேசத்தின் பழைய ஏடுகளைத் தம் தேசத்தாரைக் காட்டிலும் ஜெர்மானியரே நன்றாகப் படிக்கிறார்கள் என்ற வெட்கம் அவர்களை உறுத்தியது. அதே சமயத்தில், எதிரியிடமிருந்து முறையைக் கற்றுக்கொள்ள அவர்கள் கூச்சப்படவில்லை. இதை நான் பெரிய குணமாக மதிக்கிறேன். 1875-இல் பழம் பிரெஞ்சு நூல்களை வெளியிடுவதற்கென்று ஒரு சங்கத்தையும் அவர்கள் நிறுவினார்கள். மறு வருஷம் மேயர், தென் ஐரோப்பிய பாஷைகளையும் இலக்கியங்களையும் போதிக்கும் பேராசிரியராகக் ‘கொலேஜ் த பிரான்ஸ்’ என்ற உயர்ந்த ஸ்தாபனத்தில் அமர்ந்தார். 1882-இல் தாம் படித்த கலாசாலைக்கே தலைவரானார்.

பாஷைகளின் எல்லையைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து நமக்கும் பயன்படக்கூடியது. ஒரு பாஷையின் வழக்குகளுக்கிடையே வேலி போட்டாற்போல எல்லை கிடையாது, ஊருக்கு ஊர் சிறிது சிறிதாகவே பேச்சு மாறுகிறது என்று அவர் இத்தாலியப் பண்டிதர் அஸ்கோலியோடு வாதம் செய்தார். வடார்க்காட்டிலிருந்து புறப்பட்டு ஊர் ஊராகத் தங்கித் தஞ்சாவூருக்கு நடந்து போகிறவனால், எங்கள் பேச்சு எந்தக் கிராமத்தில் முடிந்து தஞ்சாவூர்ப் பேச்சு எந்தக் கிராமத்தில் ஆரம்பித்தது என்று சொல்ல முடியுமா?

மேயர் பதிப்பித்த நூல்களில் இரண்டை மாத்திரம் இங்கே கூறுகிறேன். ஒன்று, ‘ஃப்ளமென்கா’ என்னும் ஒக்ஸிதான் காவியம். உலகத்தில் அதற்கு ஒரே ஒரு பிரதிதான் உண்டு. அது கர்க்கஸோன் நகரத்துப் புத்தகசாலையில் இருந்தது. அதிலும் முதலும் இல்லை, முடிவும் இல்லை. எஞ்சிய எண்ணாயிரத்துச் சொச்சம் அடிகளை 1865-இல் தம் இருபத்தைந்தாவது வயதில் மேயர் வெளியிட்டார். சந்தேகப் பேய் பிடித்த ஒரு பிரபு தன் மனைவியைக் கோபுரத்தில் அடைத்து வைக்கிறான். கோயில் பூஜைக்கு மாத்திரம் அவளை வெளியே விடுகிறான். அவள்மேல் காதல் கொண்ட ஒரு வீரன், கோயில் ஊழியனாக வேஷம் பூண்டு, வழிபாட்டில் முத்தமிடுவதற்குப் புத்தகத்தை அவள் முன்னே நீட்டும் அந்தக் கண நேரத்தில் இரண்டே அசை பேசுகிறான். அடுத்த பூஜையில் அவள் இரண்டு அசையால் விடை சொல்லுகிறாள். இப்படியே பூஜைக்குப் பூஜை, மாதக் கணக்கில், ஒரு சம்பாஷணை நடக்கிறது. இந்தக் கற்பனையின் நயத்தை ரசிக்கிற எவரும், அந்த ஒரு பிரதியும் போயிருந்தால் என்று எண்ணி ஒரு கணம் திகைப்பார். எழுபது பரிபாடல்களில் மிஞ்சியவை இருபத்திரண்டே என்று அறிந்த நமக்கு அந்தத் திகைப்பு பழக்கமானது. மற்றொன்று, தெற்கத்திய நாட்டை நாசம் செய்த அந்த யுத்தத்தைப் பற்றி அக்காலத்திலேயே எழுந்த நெடும்பாட்டு. அதை ஆரம்பித்த கவி ஒருவர், முடித்தவர் பெயர் தெரியாத வேறொருவர். முன்னவர் படையெடுத்து வந்தவர்களின் பக்கம், பின்னவர் அடிபட்ட நாட்டின் பக்கம். இதையும் மேயர் மூலமும் மொழிபெயர்ப்புமாக 1875 முதல் 1879 வரையில் இரண்டு பாகங்களாகக் கொண்டு வந்தார். வடக்கே பாரிஸில் பிறந்த ஒருவர், தம் முன்னோர் அழித்த நாட்டின் புலம்பலை இத்தனை சிரத்தையோடு காப்பாற்றிக் கொடுத்தது போற்றத்தக்கது.

இனி, தலைப்பில் குறித்த புத்தகத்துக்கு வருகிறேன்.

1861-ஆம் வருஷம் பிப்ரவரி 6-ஆம் தேதி லண்டனில் ஸதபீ ஏலக் கம்பெனியில் ஸவீல் குடும்பத்தாரின் பழைய ஏடுகள் ஏலத்துக்கு வந்தன. இருபத்தொரு வயது இளைஞரான மேயர் அங்கே போயிருந்தார். ஏலத்துக்கு வைத்திருந்த தோலேடுகளில் ஒன்றைச் சிறிது நேரம் புரட்டிப் பார்க்க அவருக்கு இடம் கிடைத்தது. பழம் பிரெஞ்சுப் பாஷையில் எழுதிய நீண்ட செய்யுள் நூல். எந்த அச்சுப் புத்தகத்திலும் எந்தப் பண்டிதர் வாயிலும் அவர் கேள்விப்படாதது. சில குறிப்புகளை எழுதிக்கொண்டார். விலை கொடுத்து வாங்கும் வசதி அவருக்கு இல்லை. ஏடு வேறொருவர் கைக்குப் போயிற்று. வாங்கியவர் யார், கொண்டு போன இடம் எது என்பது வெளியே தெரியவில்லை.

அதை வாங்கியவர் ஸர் தாமஸ் பிலிப்ஸ் என்ற தனவந்தர். உலகத்திலுள்ள புத்தகம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி தம்மிடம் இருக்க வேண்டும் என்ற வேட்கை கொண்டு, சொத்தையெல்லாம் கரைத்து, சுமார் அறுபதினாயிரம் கையெழுத்துப் பிரதிகளைச் சேர்த்தவர் அவர். 1872-இல் அவர் இறந்த பின்பு, செல்ட்டனம் என்ற ஊரிலுள்ள மாளிகையில் அந்தப் பெரிய குவியல் அவருடைய குடும்பத்தார் வசம் இருந்தது. மேயர் தேடிக்கொண்டே இருந்தார். பேராசிரியர் பதவி வந்தது, பத்திரிகை வந்தது, சங்கம் வந்தது. இளமையில் சில நிமிஷம் கண்ட அந்த ஏட்டை மாத்திரம் அவர் மறக்கவில்லை. இங்கிலாந்துப் புத்தகசாலைகள் ஒவ்வொன்றாகத் துழாவினார். 1881-இல், முதன் முதல் கண்டதற்கு இருபது வருஷம் கழித்து, செல்ட்டனத்தில் அது அகப்பட்டது.

பத்தொன்பதினாயிரத்து இருநூறு அடிகளுக்கு மேற்பட்ட அந்தச் செய்யுள், சிறு பிரபுவின் இளைய மகனாகப் பிறந்து, தன் வாளின் வலியாலும் விசுவாசத்தாலும் உயர்ந்து, பல ஆங்கில அரசர்களுக்கு ஊழியம் செய்து, கடைசியில் பாலகனாகிய மூன்றாம் ஹென்றியின் சார்பில் இங்கிலாந்தையே ஆண்டு, 1219-இல் இறந்த கியோம் என்னும் வீரனுடைய சரித்திரம். ஆங்கிலேயர் அவனை வில்லியம் மார்ஷல் என்பார்கள். அரசரோ முனிவரோ அல்லாத ஒரு மனிதனுடைய வாழ்க்கையை ஜனங்களின் பாஷையில் முழுமையாகச் சொல்லும் நூலாக, இடைக்கால ஐரோப்பாவில் எஞ்சியவற்றுள் இதுவே பழமையானது. போர்களும் பந்தயங்களும் சூழ்ச்சிகளும் மரணப் படுக்கையும் கண்ணெதிரே நடப்பவை போல அதில் வருகின்றன. மேயர் அதை 1891, 1894, 1901 ஆகிய வருஷங்களில் மூன்று பாகங்களாக வெளியிட்டார். ஏலக் கூடத்தில் அதைப் புரட்டிய இருபத்தொரு வயது வாலிபருக்குக் கடைசிப் பாகம் வெளிவரும்போது வயது அறுபத்தொன்று.

அவர் செல்ட்டனத்தில் அந்த ஏட்டைக் கண்டதற்கு முந்தின வருஷம், 1880-இல், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், இளம் ஆசிரியராக இருந்த சாமிநாதையரைப் பார்த்துச் சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து புறப்பட்டு 1887-இல் சீவக சிந்தாமணியும், 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் வெளிவந்தன. பாரிஸிலும் கும்பகோணத்திலுமாக இருந்த இவ்விருவரின் உழைப்பும் ஒரே காலத்தில் நடந்ததை நினைக்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. இரண்டு உலகங்களையும் தொட்டு நின்றவர் ஒருவர் பாரிஸிலேயே இருந்தார். காரைக்காலில் வளர்ந்து தமிழ் கற்று, பின்பு பாரிஸில் கீழ்நாட்டுப் பாஷைக் கலாசாலையில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய ஜூலியன் வின்ஸன் என்பவரே அவர். பிரான்ஸின் தென்கோடியில் வழங்கும் பாஸ்க் பாஷையிலும் அவர் பெரிய நிபுணர். பாரிஸ் பெரிய புத்தகசாலையில் தமிழ் ஏடுகள் இருப்பதைக் குறித்து அவர் தமிழிலேயே ஐயரவர்களுக்குக் கடிதம் எழுதியதை, ஐயரவர்களின் சுயசரிதமாகிய ‘என் சரித்திர’த்தில் காணலாம்.

இந்தப் படிப்பெல்லாம் உலகத்துக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது 1898-இல் நடந்த ஒரு விஷயம். பிரெஞ்சு ராணுவத்தில் காப்டனாக இருந்த யூதராகிய ட்ரைஃபுஸ், ஜெர்மனிக்கு ரகசியங்களை விற்றார் என்று குற்றம் சாட்டப்பட்டு 1894-இல் தண்டனை பெற்றுத் தீவாந்தரம் அனுப்பப்பட்டார். அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது கையெழுத்துக் காகிதம் ஒன்று. அவர் நிரபராதி என்று எழுதி ராணுவத் தலைவர்களைக் குற்றம் சாட்டிய நாவலாசிரியர் ஸோலாவின் மேல் வழக்குத் தொடரப்பட்டது. தேசமே இரண்டாகப் பிரிந்து கொதித்த அந்த வழக்கில், ஐம்பத்தெட்டு வயதுப் பண்டிதரான மேயர் சாட்சிக் கூண்டில் ஏறினார். அவருடைய சகாக்களான ழிரி, மொலினியே முதலியவர்களும் வந்தார்கள். பத்திரிகையில் வெளிவந்த அந்தக் காகிதத்தின் நிழற்பிரதியைத் தாம் பரிசோதித்ததாகவும், அந்தக் கையெழுத்து ட்ரைஃபுஸ் உடையது அல்ல, எஸ்தெர்ஹாஸி என்ற மற்றோர் அதிகாரியுடையது என்றும் மேயர் சாட்சியம் சொன்னார். அறுநூறு எழுநூறு வருஷத்து எழுத்தைக் கோடு கோடாகப் பிரித்துப் பார்த்துப் பழகிய கண் அது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிற கலாசாலைத் தலைவர் ராணுவத்துக்கு விரோதமாகப் பேசலாமா என்று பலர் தூற்றினார்கள். அவர் கற்பித்த கலாசாலையின் பழைய மாணவர்களிலேயே பலர் எதிர்த்துக் கையொப்பமிட்டார்கள். மறு வருஷம் ரென் நகரத்தில் நடந்த மறு விசாரணையிலும் அவர் அதையே சொன்னார். 1906-இல் உச்ச நீதிமன்றம் ட்ரைஃபுஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. பழைய கவிதையில் ஓரெழுத்தைத் தவறாகப் படிக்கக் கூடாது என்ற நியமத்தை நாற்பது வருஷம் கடைப்பிடித்தவருக்கு, ஒரு மனிதனின் மானம் தொங்கும் எழுத்தைத் தவறாகப் படிக்க எப்படி மனம் வரும்?

அவர் முறையை அவருக்குப் பின் வந்தவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. பிரதிகளுக்கு வமிசாவளி போட்டுக் கவியின் மூலத்தை எட்டிவிடலாம் என்ற நம்பிக்கையை, கஸ்தோன் பாரிஸின் மாணவராகிய ஜோஸேஃப் பெதியே கேள்விக்கு உள்ளாக்கி, இருக்கிற பிரதிகளில் சிறந்த ஒன்றைத் தேர்ந்து அதையே மதித்து வெளியிடுவது நேர்மை என்றார். பாஷையின் நிலைமையும் சீர்படவில்லை. ஒக்ஸிதானில் பாடிய மிஸ்திரால் என்ற கவிஞருக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது. இருந்தும் பள்ளிக்கூடமும் உத்தியோகமும் பிரெஞ்சிலேயே இருந்தபடியால், தாய்மார்கள் குழந்தைகளோடு அதில் பேசுவது தலைமுறைக்குத் தலைமுறை குறைந்தே வந்தது. ஏட்டைக் காப்பாற்றிவிட்டால் பாஷையைக் காப்பாற்றியதாகாது. ஆனால் ஏட்டையும் இழந்த பாஷைக்கு, தான் ஒரு காலத்தில் எப்படி வாழ்ந்தது என்று சொல்லிக்கொள்ளவும் வழி இராது. இந்த வகையில் மேயரும் அவர் தோழர்களும் செய்த தொண்டைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை என்பது என் துணிபு. வில்லியம் மார்ஷலின் சரித்திரத்தை ஏந்திய அந்தத் தோலேடு இப்போது அமெரிக்காவில், நியூயார்க்கிலுள்ள மார்கன் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இந்தக் கட்டுரையைப் படிக்கிற எங்கள் பக்கத்து ஜனங்களிடம் ஒரு வேண்டுகோள். அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணிலோ, வைத்தியர்களும் ஜோதிடர்களும் கணக்குப் பிள்ளைகளும் இருந்த குடும்பங்களின் மரப்பெட்டியிலோ, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் முஸ்லிம் பெரியவர்கள் வீட்டு அலமாரியிலோ, ஓலைச்சுவடியாயினும் உருதுவிலோ அரபுத் தமிழிலோ எழுதிய காகிதப் பிரதியாயினும் ஏதேனும் இருந்தால், படிக்கத் தெரியவில்லை என்பதற்காக அதை எறிந்துவிடாதீர்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் உ. வே. சாமிநாதையர் நூலகமும், தஞ்சாவூரில் சரஸ்வதி மகாலும் இருக்கின்றன. அவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவர்கள் பதில் வரும் வரையில் சுவடியை ஈரம் படாத இடத்தில் வைத்திருங்கள்.